பாட்டி போய்வந்தால் நம் கடமை நீங்குமா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

      

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. சந்தா எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதைக் கேட்டோம். இன்னொரு நிலுவையும் நம் வீடுகளில் இருக்கிறது. அது எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. உறவினருக்கு நாம் செலுத்தவேண்டிய கடமையே அந்த நிலுவை. இன்று அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

நம் இராயப்பேட்டையில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். சந்துகளில் தண்ணீர் தேங்கும். ஜாம்பஜார் செல்வோர் கால்சட்டையை மடித்துக்கொண்டு நடப்பார்கள். வீட்டில் அடங்கிக் கிடக்க எல்லோருக்கும் காரணம் கிடைக்கும் காலம் அது. ஆனால் ஒருவர் மட்டும் அடங்குவதில்லை. அவர்தாம் வீட்டுப் பாட்டி. சிலர் இல்லத்தில் அவர் நானிமா, சிலர் இல்லத்தில் தாதிமா, சிலர் இல்லத்தில் நன்னிமா, உம்மம்மா. 1768ஆம் ஆண்டில் சேப்பாக்கம் மாளிகை எழுந்த காலந்தொட்டு உருதுவும் தமிழும் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்துக் குடியேறி வாழ்ந்த பகுதி நம்முடையது. எனவே அழைக்கும் பெயர் மாறும், ஆள் மாறுவதில்லை.

நம் மஹல்லாவில் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி இருக்கின்றார். பெயர் வேண்டாம், சொன்னால் கடிந்துகொள்வார். அவருடைய ஒரு மழைக்காலத்தைக் கேளுங்கள். காலாண்டு விடுமுறைக்குப் பல்லாவரத்திலிருந்து மகள்வயிற்றுப் பேரப்பிள்ளைகள் வந்து பத்து நாள் தங்கினார்கள். அவர்களை அனுப்பிவைத்த மறுநாளே பெரம்பூரில் படுத்திருக்கும் தம்பி மனைவியைப் பார்க்கச் சென்றார். அடுத்த வாரம் வேளச்சேரியில் அண்ணன் பேரனுக்குக் குழந்தை பிறந்து ஏழாம் நாள் அகீகா. அதற்கடுத்து இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் தூரத்து உறவினர் ஒருவர்; அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தூக்கு வாளியில் எடுத்துச் சென்றார். இடையில் ஒரு மவ்த்து. மூன்று நாளும் அந்த வீட்டிற்கு உணவு. கடைசியாக, சென்ட்ரலில் இரயிலேறி வாணியம்பாடியில் தங்கை வீட்டிற்கு. இத்தனைக்கும் அவருக்கு முழங்கால் வலி, சர்க்கரை நோய்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின், அவர் மகன்களுக்கு ஒரு நிம்மதி பிறந்தது. ‘உம்மா போய்விட்டு வந்துவிடுவார்கள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் துக்கங்களுக்கும் குடும்பத்தின் சார்பில் அவரே பிரதிநிதி ஆகிவிட்டார்.

அன்பர்களே! இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊரில் சிலர் தொழுதுவிட்டால் ஏனையோர் மீதிருந்த கடமை நீங்கிவிடும். உறவைச் சேர்ந்து வாழ்வதும் அத்தகையதா? பாட்டி போய்வந்துவிட்டால் மகன் மீதும், மருமகள் மீதும், பேரன் மீதும் இருந்த கடமை நீங்கிவிடுமா?

ரஹ்ம் என்னும் சொல்

அரபியில் உறவுக்கு ‘ரஹிம்’ என்பர். கருவறைக்கும் அதே சொல்தான். ‘ரஹ்மான்’ என்னும் தன் திருநாமத்திலிருந்தே அதற்குப் பெயரிட்டிருப்பதாகவும், அதைச் சேர்ந்திருப்போருடன் தான் சேர்ந்திருப்பதாகவும், அதைத் துண்டிப்போரைத் தானும் துண்டிப்பதாகவும் அல்லாஹ் கூறுவதாக ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே, அல்லாஹ்வை அஞ்சுவதோடு உறவுகளின் விஷயத்திலும் அஞ்சி நடக்குமாறு நாம் கட்டளையிடப்பட்டுள்ளோம்.

இதன் சட்டநிலை குறித்துக் காளீ இயாள் (ரஹ்) அவர்கள் தெளிவாக எழுதியுள்ளார்கள். உறவைச் சேர்வது பொதுவாகக் கடமை என்பதிலும், துண்டிப்பது பெரும்பாவம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சேர்வதில் படித்தரங்கள் உண்டு. பேசாமல் இருப்பதை விட்டொழித்து, ஒரு சலாமேனும் சொல்வது அதன் கடைசிப் படி என்பது அவர்கள் தரும் விளக்கம். இந்தக் கடமை ஒவ்வொருவரையும் அவரவர் உறவின் நெருக்கத்திற்கும் வசதிக்கும் ஏற்பச் சாரும். என் மாமாவிற்கு நான்தான் மருமகன். என் பாட்டி அவருக்கு மருமகன் ஆகமாட்டார். என்மீதுள்ள கடமையை அவர் எப்படி நிறைவேற்ற இயலும்?

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். சலாமைக் கொண்டேனும் உங்கள் உறவுகளை ஈரமாக வைத்திருங்கள் என்ற பொருளில் ஒரு நபிமொழி வருகிறது. அரபியர் உறவைச் சேர்வதை ஈரமாக்குதல் என்றும், துண்டிப்பதைக் காய்ந்துபோதல் என்றும் வழங்கினர். காய்ந்த தோல் வெடிக்கும். ஈரமான தோல் ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் அன்பிற்கு ஈரம் என்றுதானே பெயர்? ஈர நெஞ்சம் என்கிறோம். வானத்து மழை நம் சந்துகளை நனைக்கும் அந்த நாட்களில், ஒரு மூதாட்டி தம் குடும்பத்தின் உறவுகளைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டு நடக்கின்றார்.

ஒரு பாட்டி வீட்டுப் பாய்

இதை நாம் மிகைப்படுத்திப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். ஸஹீஹுல் புகாரியில் தொழுகைப் பாடத்தில் ஒரு பாட்டியின் விருந்து பதிவாகியுள்ளது. அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அது. முலைக்கா (ரலி) என்னும் மூதாட்டி, தாம் சமைத்த உணவுக்கு நபி (ஸல்) அவர்களை அழைத்தார்கள். அவர் அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியா, அவர்களிடமிருந்து அறிவிக்கும் இஸ்ஹாக்கின் பாட்டியா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அந்த வீட்டிற்கு அவர் ஒரு பாட்டி.

நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள், உண்டார்கள், பின்பு உங்களுக்குத் தொழுவிக்கிறேன், எழுந்திருங்கள் என்றார்கள். நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய்தான் வீட்டில் இருந்தது. அனஸ் (ரலி) அதன்மீது நீர் தெளித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் முன்னே நிற்க, அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும் பின்னே நிற்க, அந்த மூதாட்டி அவர்களுக்கும் பின்னே நின்றார்கள். இரண்டு ரக்அத் தொழுவித்துவிட்டு நபி (ஸல்) அவர்கள் திரும்பிச் சென்றார்கள்.

இந்த ஹதீஸைக் கொண்டு மதரஸாவில் நாம் எத்தனையோ சட்டங்கள் ஓதுகின்றோம். ஜமாஅத்தில் பெண் எங்கே நிற்பது, சிறுவன் எங்கே நிற்பது என்றெல்லாம் பாடம் உண்டு. அதே ஹதீஸில் இன்னொரு பாடமும் இருக்கிறது. விருந்தும் தொழுகையும் ஒரே வருகையில் நிகழ்ந்தன. புதுப்பாய் வாங்கும்வரை அழைப்பை அந்த மூதாட்டி தள்ளிப்போடவில்லை. இன்றோ, சோஃபா பழையதாகிவிட்டது, வீடு சிறியது, விருந்துக்குப் பிரியாணி வேண்டும் என்ற காரணங்களால் நம் வீட்டுக் கதவுகள் உறவினருக்குத் திறப்பதில்லை.

நாம் கூறிய மூதாட்டியின் பையில் எப்போதும் மடித்த முஸல்லா ஒன்று இருக்கும். எந்த வீட்டிற்குச் சென்றாலும் பாங்கு கேட்டதும் ஒளூச் செய்யும் இடத்தைக் கேட்பார். நிற்க முடியாதபோது நாற்காலியில் அமர்ந்து தொழுவார். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய சலுகையல்லவா? அவர் தொழத் தொடங்கினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கின்றார்கள். சில வீடுகளில் அவர் எழுந்தபின்னரே மற்றவர்களும் எழுகின்றார்கள். அவர் யாருக்கும் பயான் செய்வதில்லை.

வெளியூர்ப் பயணத்தில் மட்டும் ஒரு சட்டத்தை நினைவூட்டுகின்றோம். வாணியம்பாடி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் ஷரீஅத்தின் பயணமாகும். பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருந்தால் நான்கு ரக்அத் ஃபர்ளுத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழவேண்டும். இத்தொலைவிற்குப் பெண்கள் மஹ்ரம் துணையின்றிச் செல்வதும் நம் ஹனஃபி மத்ஹபில் கூடாது. எனவே பாட்டியை இரயிலேற்றிவிட்டுத் திரும்புவதோடு பேரனின் வேலை முடிவதில்லை. அவன் உடன் செல்லவேண்டும். சட்டம் விதிக்கும் அந்தத் துணையே அவனுக்குத் தன் பாட்டியின் தங்கையை அறிமுகப்படுத்தும் வழியாகவும் அமைகிறது.

அறுந்ததை முடிவது

அடுத்து, பாட்டிமார் செய்யும் மிகக் கடினமான வேலைக்கு வருவோம். பழைய வீடு பாகம் பிரிந்தது, அடுக்குமாடி எழுந்தது, அளவில் சிறு தகராறு, அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இந்தக் கதை நம் பகுதியில் ஒரு வீட்டுக் கதை அன்று. மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனுடன் பேசாதிருப்பது கூடாது என்று ஹதீஸ் உள்ளது. சிலர் மூன்று ஆண்டுகளையும் கடந்துவிட்டார்கள். இருவரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்தபின் வேறு வேறு வாசல் வழியே வெளியேறுகிறார்கள்.

இருவர் வீட்டிற்கும் போய்வருபவர் தாய் ஒருவரே. அங்கே சென்று, உன் அண்ணன் உன் காய்ச்சலைப் பற்றி விசாரித்தான் என்பார். இங்கே வந்து, தம்பி உன் பிள்ளையின் பரீட்சையைக் கேட்டான் என்பார். யாரும் விசாரிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். மக்களிடையே சமாதானம் செய்ய நல்ல சொல்லைக் கொண்டுசேர்ப்பவர் பொய்யர் அல்லர் என்று ஹதீஸ் அனுமதித்திருக்கிறது. அந்த அனுமதியின் எல்லையில் நின்று ஒரு தாய் எத்தனை ஆண்டுகள் இரு மகன்களையும் தாங்குவார்?

செய்ததற்குப் பதில் செய்பவன் உறவைச் சேர்ந்தவன் அல்லன். துண்டிக்கப்பட்டபோதும் சேர்பவனே சேர்ந்தவன் என்பது புகாரியில் பதிவான நபிமொழியின் கருத்து. அவர் வரவில்லை, நான் ஏன் போகவேண்டும் என்போருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மார்க்கம் மாறியிருப்பதுகூட இதற்குத் தடையாகாது. இணைவைப்பில் இருந்த தாயார் தம்மைக் காண வந்தபோது, அவருடன் சேர்ந்திருக்கலாமா என்று அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் வினவ, சேர்ந்திருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிற சமயத்தைச் சேர்ந்த இரத்த உறவுகள் உள்ள சகோதரர்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. அவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்வார்களாக!

அவரிடம் இருக்கும் பதிவேடு

உறவுகளைச் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவு உங்கள் வமிசத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. நம் குடும்பங்களில் அந்த வமிசப் பதிவேடு எங்கே இருக்கிறது? பாட்டியின் நினைவில் இருக்கிறது.

யார் யாருக்குப் பாலூட்டினார் என்பதும் அங்கேதான் இருக்கிறது. கூட்டுக் குடும்பங்களில் ஒரு தாய்க்கு உடல்நலமில்லாதபோது இன்னொருத்தி அவள் குழந்தைக்குப் பாலூட்டியது சாதாரணமான செய்தி. ஆனால் ஷரீஅத்தில் அது சாதாரணமன்று. இரத்த உறவால் விலக்கப்படுவோர் பால்குடி உறவாலும் விலக்கப்படுகின்றனர். உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணமுடித்தபின், ஒரு மாது வந்து உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கின்றேன் என்றார். அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணித்து வந்து வினவினார்கள். இவ்வாறு சொல்லப்பட்ட பின்னர் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பதிலளிக்க, தம்பதியர் பிரிந்தனர். இதில் எத்தனை சாட்சி தேவை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதல் எதில் என்பதில் ஐயமில்லை.

நிகாஹ் தஃப்தரில் கையெழுத்திடுவதற்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் இன்று வீட்டின் மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கின்றார். அவர் கபுருக்குள் சென்றபின் அந்தப் பதிவேட்டை எந்த அலுவலகத்தில் நகல் கேட்பீர்கள்?

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் இல்லை, பல பகுதிகளில் கைப்பேசியும் இயங்கவில்லை. சென்னையின் பள்ளிவாசல்கள் பல, சமய வேறுபாடின்றி மக்களுக்குக் கதவைத் திறந்தன. அந்நாட்களில் ஓர் உறவினர் வீட்டிற்கு வழி தெரிந்திருப்பதன் அருமை புலப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் அதன் சுற்றுப்புறமும் நீரில் நின்றபோதும் அதுவே நிலை. கைப்பேசியில் எண் மட்டும் வைத்திருப்பவர் எண் இயங்காதபோது என்ன செய்வார்? பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறையேனும் அந்த வீட்டுப் படியேறியவருக்கே வழி தெரியும்.

நாம் செல்லவேண்டிய முறை

பாட்டி எல்லோரையும் போய்ப் பார்க்கின்றார். அவரைப் போய்ப் பார்ப்பவர் யார்?

உம்மு அய்மன் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்த அம்மையார். நபியாகவும் ஆட்சித் தலைவராகவும் ஆனபின்பும் நபி (ஸல்) அவர்கள் அவர் இல்லம் சென்று காண்பார்கள். அவர் பருகத் தந்ததை ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் பருகாதபோது, அம்மையார் உரிமையோடு குரல் உயர்த்தியதாகவும் முஸ்லிமில் காணப்படுகிறது. சாப்பிடாமல் கிளம்பும் பேரனிடம் நம் பாட்டிமார் காட்டும் கோபம் அதுதானே?

நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களை அழைத்து, நபியவர்கள் சந்தித்து வந்ததைப் போல நாமும் உம்மு அய்மனைச் சென்று சந்திப்போம் என்றார்கள். இருவரையும் கண்டதும் அம்மையார் அழுதார்கள். அல்லாஹ்விடம் இருப்பது நபிக்குச் சிறந்ததென அறிவேன்; வானிலிருந்து வஹீ வருவது நின்றுவிட்டதே என்றுதான் அழுகிறேன் என்றார்கள். கலீஃபாவும் உடன் வந்தவரும் சேர்ந்து அழுதார்கள். இத்தனை பெரிய அரசுப் பொறுப்பு தோளில் இருந்தபோது ஒரு முதியவளின் வீட்டிற்குச் செல்ல அவர்களுக்கு நேரம் கிடைத்தது. நமக்குக் கிடைக்கவில்லை என்று எந்த வாயால் கூறுவோம்?

பாட்டியின் உரிமை பாசத்தோடு முடிவதுமன்று. ஒரு பாட்டி அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வந்து, இறந்த பேரப்பிள்ளையின் சொத்தில் தம் பங்கைக் கேட்டார். அல்லாஹ்வின் வேதத்தில் உமக்கெனப் பங்கு குறிப்பிடப்படவில்லையே என்று கூறிய கலீஃபா, அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை, தோழர்களிடம் விசாரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு அளித்தார்கள் என முகீரா (ரலி) சாட்சி கூற, முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அதை உறுதிப்படுத்த, அப்பங்கு வழங்கப்பட்டது. இறந்தவரின் தாய் உயிருடன் இல்லாதபோது பாட்டிக்கு இந்தப் பங்கு உண்டு. தந்தைவழிப் பாட்டியாயின், நம் மத்ஹபில் தந்தையும் இல்லாதபோதே அது கிடைக்கும். பாகப் பத்திரம் எழுதும்போது அந்தப் பெயரை விட்டுவிடாதீர்கள். நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வயதுவந்த பேரன் பேத்தியரையும் பிள்ளைகள் என்ற வரையறைக்குள் சேர்த்து, பராமரிக்கும் பொறுப்பை அவர்கள் மீதும் சுமத்தியுள்ளது. அந்தச் சட்டத்தின் படியை எந்தப் பாட்டியும் ஏறாமல் பார்த்துக்கொள்வது நம் கண்ணியம்.

வேண்டுகோள்

ஆகவே அன்பர்களே! இந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டிலும் சில காரியங்களைத் தொடங்குமாறு வேண்டுகின்றோம்.

முதலாவதாக, மாதம் ஒரு முறையேனும் ஓர் உறவினர் இல்லத்திற்கு நீங்களே, உங்கள் பிள்ளை ஒன்றையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். கையில் ஒன்றுமில்லை என்றாலும் சலாம் இருக்கிறது.

இரண்டாவதாக, வீட்டுப் பாட்டி எங்கு செல்வதாயினும் ஒரு பேரன் அல்லது பேத்தி துணைக்குச் செல்லட்டும். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பாமல் உள்ளே சென்று அமரட்டும்.

மூன்றாவதாக, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் அமருங்கள். பாட்டனார் பெயர்கள், அவர்களுடைய உடன்பிறந்தார், யார் எங்கே வாழ்கிறார், யார் எந்தக் கபரஸ்தானில் அடங்கியிருக்கிறார், யார் யாருக்குப் பாலூட்டினார் என்பதையெல்லாம் கேட்டு எழுதுங்கள்.

நான்காவதாக, பேச்சு நின்றுபோன சகோதரர்கள் வரும் ஜும்ஆவுக்குள் முதல் சலாமைச் சொல்லுங்கள். முதலில் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். எனவே யார் தாழ்ந்தவர் என்ற கவலை வேண்டாம்.

தமக்கு வாழ்வாதாரம் விரிவடையவும் ஆயுள் நீளவும் விரும்புவோர் உறவைச் சேர்ந்து வாழட்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஹதீஸின் கருத்து. பாட்டி நடந்த நடைக்கு உரிய நன்மை பாட்டியின் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. நம் ஏட்டில் எழுதப்படவேண்டுமாயின் நம் கால்கள் நடந்தாகவேண்டும். அடுத்த ஐப்பசியில் அவர் நம்மிடையே இருப்பாரா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அவர் இருக்கும்போதே அவருடன் அந்த வீடுகளின் படியேறுவோம்.

வல்ல நாயன் அல்லாஹ், நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு நலமும் ஆஃபியத்தும் நிறைந்த நீண்ட ஆயுளைத் தந்தருள்வானாக! மறைந்துபோனவர்களின் கபுருகளை ஒளிமயமாக்குவானாக! அறுந்த உறவுகளை முடிந்துவைக்கும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.